போனஸ் டிஸ்க்கில் என்ன இருந்தால் காசு கொடுக்கலாம்? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் டிவிடி, புளூ-ரேக்களோடு வரும் கூடுதல் அம்சங்களைப் பற்றி ரெண்டு பாராதான் எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான்: எதை நல்ல போனஸ் என்று சொல்வது, எதைத் தள்ளுவது? அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: ஒரு புளூ-ரே அட்டையில் ‘ஐந்து மணி நேர சிறப்பு அம்சங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொரு படத்தின் அட்டையில் ஒரு கமெண்டரி (படம் ஓடும்போதே அதன் மேல் ஒருவர் பேசும் பேச்சு), இருபது நிமிடப் பேட்டி, அவ்வளவுதான். விலை ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதைத்தானே வாங்க வேண்டும்? (மதுரை வாசகர்)

மணிக்கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள். நான் எக்ஸ்ட்ராஸ், அதாவது இந்தக் கூடுதல் அம்சங்களை, பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்வேன். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லி, ‘அட, அந்தக் காட்சியை உடனே திரும்பப் பார்க்கணுமே’ என்று தோன்றினால், அந்தக் காட்சி படத்தில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்துவைப்பேன். ஐந்து மணி நேரம் பார்த்து முடித்த பிறகும் நோட்டு காலியாக இருந்த டிஸ்க்குகள் உண்டு, இருபது நிமிடப் பேட்டிக்கு ஒரு பக்கம் நிறைந்ததும் உண்டு. என் அளவுகோல் இந்த நோட்டுதான்.

நோட்டு காலியாகவே இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். படம் வெளிவருவதற்கு முன்பே பத்திரிகைகளுக்கும் டிவி சேனல்களுக்கும் கொடுப்பதற்காக ஸ்டுடியோக்கள் ஒரு விளம்பரத் தொகுப்பு தயார் செய்வார்கள், பிறகு அதையே துண்டு துண்டாக வெட்டி டிஸ்க்கில் போட்டு ‘மேக்கிங்’, அதாவது படம் எடுத்த கதை, என்று பெயர் வைத்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது சுலபம். நடிகர் படத்தில் வரும் அதே உடையோடு, செட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார். இயக்குநர் மேதை என்பார். இயக்குநர் வந்து அந்த நடிகரைத் தவிர வேறு யாராலும் இதைச் செய்திருக்க முடியாது என்பார். நடுவில் படத்தின் துணுக்குகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆறு ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். படம் இன்னும் முடியவே இல்லாத நேரத்தில் எடுத்தது என்பதால், எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று அவர்களுக்கே அப்போது தெரியாது, நமக்கு எப்படிச் சொல்வார்கள்? எடிட்டர் பேசுகிறாரா, உடை தைத்தவர் பேசுகிறாரா, சவுண்ட் ஆள் பேசுகிறாரா என்று பாருங்கள். அவர்கள் முகமே இல்லையென்றால் அது பெரும்பாலும் விளம்பரம்தான்.

சரி, நீளமாக இருந்தும் ஒரு நிமிடம்கூட வீணாகாத டிஸ்க் உண்டா என்றால், உண்டு. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களின் நீட்டிக்கப்பட்ட பதிப்பு. 2002 முதல் ஒவ்வொரு படமும் நான்கு டிஸ்க்காக வந்தது, படத்துக்கு ரெண்டு, மேக்கிங்குக்கு ரெண்டு, அதுபோக ஒவ்வொரு படத்துக்கும் நான்கு தனித்தனி கமெண்டரி. அதில் சங்கிலிக் கவசம் செய்த கதை வரும். பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு வளையத்தையும் அடுத்ததோடு கையால் கோத்து, நாள் முழுக்க, மாதக்கணக்கில், இதே வேலை. மூன்று படங்களுக்குமாகக் கோத்த வளையங்கள் ஒரு கோடிக்கும் மேல். கோத்தவர்களுக்குக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ரேகையே தேய்ந்துபோய்விட்டது. இதைக் கேட்ட பிறகு போர்க்காட்சியைப் போட்டுப் பாருங்கள், கூட்டத்தில் பின்வரிசையில் ஒரு நொடி வந்துபோகிற வீரனின் தோளில் அந்தக் கவசம் மடிகிற விதத்தைக் கண் தானாகத் தேடும்.

இரண்டாம் படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஊருக்-ஹாய் அரக்கர்கள் கத்துவார்கள் இல்லையா, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? 2002-இல் வெலிங்டனில் நியூசிலாந்து – இங்கிலாந்து ஒருநாள் கிரிக்கெட் ஆட்டம். இடைவேளையில் படத்தின் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மைதானத்தின் நடுவில் மைக்கோடு வந்து நிற்கிறார். பெரிய ஸ்கோர்போர்டில் அரக்கர்களின் மொழியில் வார்த்தைகள் வருகின்றன. சுமார் 25,000 ரசிகர்கள் அதைப் பார்த்துப் படித்துக் கத்துகிறார்கள், தரையை மிதிக்கிறார்கள், நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள், எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். சேப்பாக்கத்தில் ஒரு தடவையாவது கூட்டத்தோடு உட்கார்ந்து கத்தியவர்களுக்கு அந்தச் சத்தம் உடம்பில் எங்கே இறங்கும் என்று தெரியும். நான் அன்றைக்கே படத்தைத் திரும்பப் போட்டேன், இந்த முறை ஹெட்போனோடு.

கேள்வி: படம் ஓடும்போது மேலே பேசிக்கொண்டே இருப்பது தொந்தரவாக இல்லையா? கமெண்டரியை எதற்காகக் கேட்க வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகி)

முதல் முறை படம் பார்க்கும்போது கேட்டால் தொந்தரவுதான். படத்தை ஒரு தடவை, முடிந்தால் ரெண்டு தடவை, அதன் சத்தத்தோடு பார்த்த பிறகுதான் இது.

இது எப்படித் தொடங்கியது என்று தெரிந்தால் அதன் மேல் ஒரு மரியாதை வரும். 1984-இல் கிரைட்டீரியன் நிறுவனம் ‘கிங் காங்’ படத்தை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. அந்தப் பெரிய தட்டில் ஒலிக்கு ரெண்டு தடம் இருந்தது, 1933-இல் வந்த பழைய படத்துக்கோ ஒரு தடமே போதும். மிச்சமிருந்த தடத்தில், லாஸ் ஏஞ்சலஸ் அருங்காட்சியகத்தில் திரைப்படப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ரொனால்ட் ஹேவர் என்ற ஆய்வாளரை உட்கார வைத்துப் படம் முழுக்கப் பேசவிட்டார்கள். கமெண்டரி என்பது அங்கிருந்து வந்தது. நன்றாக விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து காதோரம் பேசுகிற மாதிரி, அவ்வளவுதான்.

நல்ல கமெண்டரி திரையில் அந்த நிமிடம் ஓடுவதைப் பற்றிப் பேசும். ‘அன்றைக்கு ரொம்பக் குளிர்’, ‘இவர் ரொம்ப நல்ல மனுஷன்’ என்றே போய்க்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். நாலைந்து நடிகர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் சிரிப்பு நிறைய வரும், விஷயம் கொஞ்சம்தான் வரும். தனியாக ஒருவர், அல்லது கருத்து வேறுபாடு உள்ள இருவர் என்றால் எனக்கு நம்பிக்கை அதிகம். ‘த லைமி’ என்ற 1999 படத்தின் டிவிடியில் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்கும் எழுத்தாளர் லெம் டாப்ஸும் ஒரே அறையில் உட்கார்ந்து, நான் எழுதியதை ஏன் வெட்டினாய் என்று எழுத்தாளர் கேட்க, இயக்குநர் பதில் சொல்ல, படம் முழுக்க வாதம் நடக்கும். திரைக்கதை எழுத நினைக்கிற யாரும் அதைத் தவறவிடக் கூடாது. பேப்பரில் இருந்தது எது, திரைக்கு வந்தது எது, நடுவில் என்ன போனது என்பதை அந்த ஒன்றரை மணி நேரத்தில் காதால் கேட்கலாம்.

விமர்சகர்கள் பேசியதில் எனக்கு உயிர், ரோஜர் எபர்ட் ‘சிட்டிசன் கேன்’ படத்துக்குச் செய்தது. 2001-இல் வந்த டிவிடியில் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன். சொத்தெல்லாம் போய், பத்திரிகையின் அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, படத்தின் நாயகன் கேன் கையெழுத்துப் போட வேண்டிய காட்சி. முன்னால் மேஜையில் ரெண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்சுவரில் ஜன்னல்கள் தெரிகின்றன. சாதாரண ஜன்னல் மாதிரிதான் இருக்கும். கேன் பேசிக்கொண்டே பின்னால் நடந்து போகிறார், போகப் போகச் சின்னதாகிறார், ஜன்னலடியில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது, அந்த ஜன்னலின் அடிவிளிம்பே அவர் தலைக்கு மேலே இருக்கிறது! இவ்வளவு பெரிய மனிதர் ஒரு சின்னப் பையன் மாதிரி அங்கே நிற்கிறார். ஒரு வசனமும் இதைச் சொல்வதில்லை. எபர்ட் சொல்லும் வரை நான் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட எனக்குப் படவில்லை. எங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு காட்சியை மட்டும் போட்டுக் காட்டினேன். கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம் அவருக்குப் பிடிக்காது. ‘அந்த ஜன்னல் அவ்ளோ பெருசா?’ என்று எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்று பார்த்தார், அப்புறம் ‘இன்னொரு தரம் போடு’ என்றார்.

கேள்வி: இயக்குநரே வேண்டாம் என்று தூக்கிப்போட்ட காட்சிகளை நாம் ஏன் பார்க்க வேண்டும்? (திண்டுக்கல் வாசகர்)

காட்சி மட்டும் இருந்தால் பார்க்காமல் விட்டாலும் நஷ்டமில்லை. ஏன் தூக்கினோம் என்று இயக்குநரோ எடிட்டரோ சொல்லியிருந்தால் கட்டாயம் பாருங்கள், எடிட்டிங்கை அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம் கிடையாது. நல்ல காட்சியைக்கூட வெட்டியிருப்பார்கள், கதை அங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதற்காக.

வெட்டியதைத் திரும்பச் சேர்த்து நீட்டிக்கப்பட்ட பதிப்பாகத் தருவது வேறு விஷயம். ‘ஃபெலோஷிப் ஆஃப் த ரிங்’ தியேட்டரில் 178 நிமிடம், டிஸ்க்கில் 208. இரண்டாம் படத்தின் நீண்ட பதிப்பில் அண்ணன் போரோமிர், தம்பி ஃபாரமிர், அவர்கள் அப்பா மூவரும் வரும் ஒரு பழைய நினைவுக் காட்சி இருக்கிறது. மூத்தவனைத் தூக்கிவைத்துக்கொண்டாடி இளையவனை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டுகிற அப்பா. அதைப் பார்த்த பிறகு ஃபாரமிர் செய்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரிப் புரியும். அதே போல மூன்றாம் படத்தில் மந்திரவாதி சாருமானின் முடிவு தியேட்டர் பதிப்பில் இல்லவே இல்லை, நடித்த கிறிஸ்டோபர் லீ அதற்காக மனம் வருந்தியது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. டிஸ்க்கில் அந்தக் காட்சி இருக்கிறது. அவருக்காகவாவது பார்க்க வேண்டும்.

கேள்வி: மேக்கிங் எல்லாம் ஸ்டுடியோ காசில் எடுப்பதுதானே, உண்மையைச் சொல்வார்கள் என்று எப்படி நம்புவது? (சென்னை, அண்ணாநகர் வாசகர்)

நியாயமான சந்தேகம். இதற்கு ‘ஏலியன் 3’ கதையைத்தான் எப்போதும் சொல்வேன்.

1992-இல் வந்த அந்தப் படம் டேவிட் ஃபின்சரின் முதல் படம். திரைக்கதை கடைசி வரை முடிவாகவில்லை, ஸ்டுடியோவுக்கும் அவருக்கும் இடையில் பெரிய மோதல், அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே அவர் விரும்புவதில்லை. 2003-இல் நான்கு ஏலியன் படங்களும் ஒன்பது டிஸ்க் பெட்டியாக வந்தபோது, சார்லஸ் டி லாசிரிகா ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட ஆவணப்படம் எடுத்தார். மூன்றாம் படத்துக்கு அவர் எடுத்ததில் அந்த மோதல் எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. ஸ்டுடியோ அதை வெட்டிச் சுருக்கிவிட்டது, அவர் தன் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டார். ஏழு வருடம் கழித்து 2010-இல் புளூ-ரே வந்தபோதுதான் வெட்டியதெல்லாம் திரும்பச் சேர்ந்து, ‘ரெக்கேஜ் அண்ட் ரேஜ்’ என்ற பெயரோடு முழுதாக வந்தது. சிதைவும் சினமும் என்று பொருள் வரும் பெயர்.

இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். முதலாவதும் பார்க்கக்கூடியதுதான், ஆனால் நடுநடுவே ஏதோ ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போவது மாதிரியே இருக்கும். இரண்டாவதைப் பார்த்த பிறகுதான் படத்தில் இருக்கிற ஒட்டாத தன்மை எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பையன் எவ்வளவு பெரிய இயந்திரத்தின் நடுவில் மாட்டிக்கொண்டான் என்பதும். ஆக, பார்க்க வேண்டியது இதுதான்: யாராவது ஒருவர் ‘இது தப்பாகப் போனது’ என்று சொல்கிறாரா? ஒருவருக்கொருவர் முரணாகப் பேசுவதை அப்படியே விட்டிருக்கிறார்களா? படம் வந்து பத்து வருடமாவது ஆன பிறகு எடுத்ததா? இந்த மூன்றில் ரெண்டுக்கு ஆமாம் என்றால் நம்பி உட்காரலாம்.

கேள்வி: ஒரு டிஸ்க்கா, ரெண்டு டிஸ்க்கா? (ஈரோடு வாசகர்)

டிவிடி என்றால் ரெண்டு. இரட்டை அடுக்கு டிவிடியில் மொத்த இடமே 8.5 ஜிபி, அதில் மூன்று மணி நேரப் படத்தையும் போட்டு மேக்கிங்கையும் திணித்தால் படத்தின் தரம்தான் அடிவாங்கும், இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரியும். புளூ-ரேயில் 50 ஜிபி வரை இடம் உண்டு, அவ்வளவு கவலை இல்லை.

கேள்வி: பழைய படங்களின் டிஸ்க்குகளில் ‘ரெஸ்டோரேஷன்’ (பழுதான ஃபிலிமைச் சீர்செய்வது) பற்றி ஒரு வீடியோ வைக்கிறார்கள். லேப், ஸ்கேனர், கம்ப்யூட்டர் என்று போகும். அது துறைக்காரர்களுக்குத்தானே, நமக்கு எதற்கு? (திருச்சி, ஸ்ரீரங்கம் வாசகி)

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் ஒரு போனஸ் வீடியோ என்னை அழவைத்தது என்றால் அது இந்த ரகம்தான். சத்யஜித் ராயின் அபு முப்படங்கள் – ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’, 1955 முதல் 1959 வரை வந்தவை – கிரைட்டீரியனில் 2015-இல் ஒரே பெட்டியாக வந்தன. அதில் ரெஸ்டோரேஷன் பற்றிய சின்னப் படம் ஒன்று இருக்கிறது, கோகொனாடா என்ற இயக்குநர் தொகுத்தது.

1993-இல் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் என்ற ஃபிலிம் லேபில் தீப்பிடித்தது. ராயின் படங்களின் மூல நெகட்டிவ்கள் அப்போது அங்கே இருந்தன. முந்தைய வருடம்தான் கல்கத்தாவில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடி ராய் கௌரவ ஆஸ்கரைக் கையில் வாங்கி நன்றி சொன்னார், அடுத்த மாதமே இறந்தும்போனார். எரிந்து கருகிய ஃபிலிம் சுருள்களை யாரும் குப்பையில் போடவில்லை. ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார்கள், அங்கே இருபது வருடம் அப்படியே கிடந்தன. அன்றைக்கு இருந்த கருவிகளால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு அதை எடுத்துக்கொண்டு இத்தாலியில் போலோன்யா நகரத்து லேபுக்குப் போகிறார்கள். வீடியோவில் அந்தச் சுருள் டப்பாக்களைத் திறப்பதைப் பாருங்கள், அது ஃபிலிம் என்றே சொல்ல முடியாது, ஓரமெல்லாம் சூட்டில் உருகி, சுருண்டு, தொட்டால் பொடிந்துவிடும் மாதிரி இருக்கும். முதலில் அதற்கு ஈரப்பதம் ஏற்றுகிறார்கள், காய்ந்த மண்ணுக்குத் தண்ணீர் காட்டுவது போல, மெல்ல. அப்புறம் ஓரத்தில் ஓட்டைகள் பிய்ந்த இடத்தையெல்லாம் கையால் ஒட்டுகிறார்கள், பழைய பசையையும் உருகி ஒட்டிக்கொண்ட டேப்பையும் சுரண்டி எடுக்கிறார்கள். இந்தக் கைவேலை மட்டும் ஆயிரம் மணி நேரத்துக்குப் பக்கம். கடைசியில் ‘பதேர் பாஞ்சாலி’யின் மூல நெகட்டிவில் நாற்பது சதவீதமும், ‘அபராஜிதோ’வில் அறுபது சதவீதத்துக்கு மேலும் காப்பாற்ற முடிந்தது. ‘அபுர் சன்சார்’ நெகட்டிவில் ஒன்றும் தேறவில்லை. மிச்சத்தை உலகத்தின் வெவ்வேறு காப்பகங்களில் இருந்த பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள்.

இப்போது படத்தைப் போடுங்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்கா துர்காவும் தம்பி அபுவும் நாணல் பூக்களுக்கு நடுவே ரயிலைப் பார்க்க ஓடுகிறார்கள். அந்தப் பூக்களை ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தபோது மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன, அடுத்த பருவத்தில் பூக்கும்வரை காத்திருந்துதான் ராய் அந்தக் காட்சியை முடித்தார் என்று நம்மில் பலர் படித்திருப்போம். அவர் மாட்டுக்கும் பணமின்மைக்கும் தப்பிக் கொண்டுவந்ததைத்தான் நாற்பது வருடம் கழித்துத் தீ எடுத்துக்கொண்டது, பிறகு முன்பின் தெரியாத யாரோ ஊசியும் பசையும் வைத்துக்கொண்டு திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று தெரிந்து பார்க்கும்போது, வெள்ளைப் பூ ஒவ்வொன்றும் அசைவது தெரிகிறதே, அந்தத் தெளிவைக் கண் வேறு மாதிரி வாங்கிக்கொள்கிறது. இது துறைக்காரர்களுக்கான விஷயம் இல்லை அம்மா. வீட்டில் தாத்தா போட்டோ ஒன்று கரையான் அரித்துக் கிடக்கிறது என்றால் நமக்கு வருமே ஒரு பதைப்பு, அதே விஷயம்தான்.

அந்தப் பெட்டியிலேயே சௌமித்ர சாட்டர்ஜி, ஷர்மிளா தாகூர் பேட்டிகளும் இருக்கின்றன. 1958-இல் ராய் தன் கட்டுரையைத் தானே வாசித்த ஒலிப்பதிவும் இருக்கிறது. படமே கிடையாது, குரல் மட்டும். என் நோட்டில் அந்தப் பெட்டிக்கு ஆறு பக்கம்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து அண்ணன் வாங்கி வந்த புளூ-ரே எங்கள் பிளேயரில் ஓடவே இல்லை. டிஸ்க் கெட்டுவிட்டதா? (தஞ்சாவூர் வாசகர்)

கெடவில்லை, ரீஜன் பூட்டு: ஒரு பகுதி நாடுகளுக்கான டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாமல் தடுப்பது. புளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் ‘சி’, அமெரிக்கா ‘ஏ’, இங்கிலாந்து ‘பி’. மலேசியா, சிங்கப்பூர் ‘ஏ’யில் வருவதால் அங்கிருக்கும் வாசகர்களுக்கு அமெரிக்க டிஸ்க் ஓடும், தஞ்சாவூரில் ஓடாது. டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, மலேசியா, சிங்கப்பூர் 3, அமெரிக்கா 1. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்குங்கள், அல்லது வாங்கும் முன் அட்டையின் பின்பக்கம் அந்தச் சின்ன உலக உருண்டை அடையாளத்தைப் பாருங்கள். 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குகளில் பொதுவாக இந்தப் பூட்டு இல்லை.

அட்டையைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், போனஸ் பகுதிக்கு சப்டைட்டில் உண்டா என்று. படத்துக்குப் போட்டிருப்பார்கள், மேக்கிங்குக்கும் கமெண்டரிக்கும் விட்டுவிடுவார்கள். காது கேளாதவர்களுக்கு அந்த டிஸ்க்கில் பாதி இல்லாத மாதிரிதான். வேகமான அமெரிக்க உச்சரிப்பு பிடிபடாத நம்மைப் போன்றவர்களுக்கும் அதே கஷ்டம். இதற்கு நான் மார்க் குறைக்காமல் விடுவதே இல்லை.

கேள்வி: நம் தமிழ்ப் படங்களின் டிவிடியில் ஏன் இப்படி ஒன்றும் இல்லை? (தூத்துக்குடி வாசகி)

விலையைப் பாருங்கள். 2007-இல் மோசர் பேர் என்ற டிஸ்க் நிறுவனம் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. திருட்டு டிவிடியோடு போட்டி போட வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. அந்த விலையில் ஒரு தட்டில் மூன்று படம் போட்டுத் தரத்தான் முடியும், ஆவணப்படம் எடுக்க யார் பணம் கொடுப்பார்கள்? போனஸ் என்றால் பாடல்கள் மட்டும் தனியாக, அதுவும் மெனுவில் ஒரு வரி.

‘சிறப்பு மேக்கிங் வீடியோ’ என்று அட்டையில் பார்த்து நான் ஒரு டிஸ்க்கை ஆசையாக வாங்கி வந்தேன். உள்ளே இருந்தது பாட்டு வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்தும் நான்கு நிமிடம். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். ஏனென்றால் அந்தப் படத்தில் ஒரு நீளமான மழைக்காட்சி உண்டு, அதை எப்படி எடுத்தார்கள் என்று சொல்லக்கூடிய லைட்மேன்கள் அப்போது உயிரோடு இருந்திருப்பார்கள். வடபழனி, கோடம்பாக்கம் தெருக்களில் இன்றைக்கும் எழுபது எண்பது வயதில் செட் போட்டவர்கள், நெகட்டிவ் வெட்டியவர்கள், சத்தம் சேர்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நல்ல மைக்கும், ரெண்டு மணி நேரமும், கேட்கத் தெரிந்த ஒருவரும் போதும். டிஸ்க் வருகிறதோ இல்லையோ, பதிவு செய்து வைக்கலாம். உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன். இதை மனதாரத்தான் சொல்கிறேன்.

கேள்வி: எல்லாம் ஓடிடியில் வந்துவிட்டது. இனி டிஸ்க் எதற்கு? (சேலம் வாசகர்)

படத்துக்காக மட்டும் என்றால் பலருக்குத் தேவையில்லைதான். கமெண்டரிக்காகத் தேவை, நீங்கள் சந்தா கட்டும் சேவையில் எத்தனை படத்துக்கு கமெண்டரி இருக்கிறது என்று இன்றைக்குத் தேடிப் பாருங்கள். கிரைட்டீரியனின் சொந்த சேனல் 2019-இல் தொடங்கியது, அங்கே எக்ஸ்ட்ராஸ் நிறைய உண்டு, ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு மட்டும். டொரண்டோ வாசகர்களே, உங்களுக்குக் கொடுத்துவைத்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். குறும்படம் எடுக்க வேண்டும், நல்ல கேமரா வாங்கிக் கொடு என்கிறான். கேமரா வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. அவனுக்குப் பிறந்தநாளுக்கு ஒரு டிஸ்க் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எதை வாங்கலாம்? (நாகர்கோவில் வாசகி)

‘எல் மரியாச்சி’. ராபர்ட் ரோட்ரிகஸ் எடுத்து 1992-இல் வந்த படம். சுடுகிற காட்சிகள் நிறைய உண்டு, பையனுக்குப் பதினெட்டு ஆகியிருந்தால் சரி. மொத்தம் 7,000 டாலரில் எடுத்தார், அந்தப் பணத்தில் ஒரு பகுதி மருந்துப் பரிசோதனைக்குத் தன் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தது. டிஸ்க்கில் ‘டென் மினிட் ஃபிலிம் ஸ்கூல்’ என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும், அதோடு அவர் தனியாகப் பேசும் கமெண்டரி. கேமராவை நகர்த்தத் தள்ளுவண்டி இல்லை, இரவல் வாங்கிய சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தார். குரலைத் தனியாக ரெக்கார்டரில் பதிவு செய்ததால், கொஞ்ச நேரத்தில் உதடு ஒரு பக்கமும் வார்த்தை ஒரு பக்கமும் போய்விடும், அது விலகுகிற இடத்தில் சட்டென்று ஒரு நாயின் முகத்துக்கு வெட்டிவிடுவார், திரும்பி வரும்போது குரல் சரியாக உட்கார்ந்திருக்கும். பார்ப்பவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதலில் படத்தை முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் அந்தச் சின்னப் பகுதி, அப்புறம் கமெண்டரியோடு மறுபடி படம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் உங்கள் போனை அவனிடம் கொடுத்துவிடுங்கள், சாயங்காலம் வரை திருப்பிக் கேட்க வேண்டாம்.